ஸ்கூட்டருக்கு ஆயில் கூலர்: பள்ளத்தூர்–தேவகோட்டை பாதையில் ஓராண்டு

என்னுடைய 125 சிசி ஸ்கூட்டரில், எஞ்சின் எண்ணெயை வெளியே சுற்றவிட்டுக் குளிரவைக்கத் தனியாக விற்கப்படும் ஆயில் கூலர் ஒன்றை வாங்கிப் பொருத்தி ஓராண்டு நிறைந்துவிட்டது. சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் ஓட்டத்தையும் அது பார்த்துவிட்டதால், இனி அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் தன் வேலையைச் செய்கிறது. எஞ்சின் எண்ணெயின் சூடு கண்கூடாகக் குறைந்திருக்கிறது. ஆனால் எந்தக் குறைக்காக அதை வாங்கினேனோ அந்தக் குறையில் ஏறக்குறைய பாதி, கூலரைப் பொருத்துவதற்கு முன்பே, நூறு ரூபாய்க்கும் குறைவான செலவில் தீர்ந்துபோயிருந்தது. மீதிப் பாதிக்காகத்தான் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் செலவழித்தேன். அதோடு ஒரு நாள் நடுவழியில் எண்ணெய் ஒழுகி நிற்கவும் நேர்ந்தது.

வண்டியின் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லாமல் விடுகிறேன், ஏனென்றால் இதில் அந்த வண்டியின் குற்றம் எதுவும் இல்லை. 2018-இல் வாங்கிய கார்புரேட்டர் வண்டி. காற்றால் குளிரும் எஞ்சின். எட்டுக் குதிரைத்திறன் சொச்சம். வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு என்று ஓட்டுபவரிடம் இருந்திருந்தால் அது இன்னும் பத்து வருடம் முணுமுணுக்காமல் ஓடியிருக்கும். என்னிடம் அகப்பட்டதால் பாரம் சுமக்கிறது. பள்ளத்தூரில் ஓர் ஆச்சியின் வீட்டில் பலகாரம் செய்கிறார்கள். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் ஆகியவற்றை டின்களில் அடைத்து, கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. முன்னால் கால் வைக்கும் தட்டில் இரண்டு டின், பின்னால் கேரியரில் நான்கு டின், எல்லாமாக நாற்பது கிலோவுக்குக் குறையாது. அதற்கு மேல் நான் ஒரு எழுபத்தெட்டு கிலோ. போய்த் திரும்ப நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டர் ஆகிறது. பாரத்துக்கு டிவிஎஸ் எக்ஸ்எல் இருக்கும்போது ஸ்கூட்டர் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு வண்டிதான் வாங்க முடிந்தது, அதில் வீட்டில் உள்ளவர்களும் ஏற வேண்டியிருந்தது என்பதுதான் அதற்குப் பதில்.

குறை இதுதான். கோடைக்காலத்தில் பகல் பன்னிரண்டு மணி வாக்கில் காரைக்குடிக்குள் நுழைந்து, செக்காலை சாலையில் கடைக்குக் கடை நின்று நின்று போகும்போது எஞ்சினில் டாப்பெட் சத்தம் (வால்வுப் பக்கமிருந்து வரும் டக்டக் ஒலி) கேட்கத் தொடங்கும். சிக்னலில் நின்றால் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமலே எஞ்சின் மெதுவாக ஓடுவது, தடுமாறும். சீட்டுக்கு அடியிலிருந்து கிளம்பும் அனல் தொடையில் உறைக்கும். இரண்டாயிரம் கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றும்போது அது தண்ணீர்போல இளகி, கறுத்து, தீய்ந்த வாடையோடு இறங்கும். ஒருமுறை பள்ளத்தூர் வீட்டின் பின்கட்டிலேயே எண்ணெய் மாற்றியபோது, அந்தப் பக்கம் வந்த ஆச்சி தட்டில் கிடந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, “நாலு ஈடு கூடுதலாப் போட்ட சட்டி எண்ணெய் மாதிரி இருக்கேப்பா” என்றார். அவருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. எண்ணெயைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை.

ஸ்கூட்டர் எஞ்சின் எப்படிக் குளிர்கிறது என்பதை ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கூலர் வாங்குபவர்களில் பலர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்; நானும் அப்படித்தான் குதித்தேன். மோட்டார் சைக்கிளில் எஞ்சின் வெளியே தெரியும்படி இருப்பதால் ஓட்டத்தில் வரும் காற்றே சிலிண்டரைத் தடவிக்கொண்டு போகும். ஸ்கூட்டரில் எஞ்சின் உடம்புக்குள் ஒளிந்திருப்பதால், எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் நுனியில் மேக்னெட்டோடு சேர்த்து ஒரு ஃபேனை முடுக்கி, சிலிண்டரைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, ஃபேன் இழுக்கும் காற்று அந்த உறைக்குள்ளேயே சுற்றிச் சிலிண்டரின் ஃபின்களுக்கு (சூட்டை வெளியே விடும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கு) இடையே பாய்ந்து கீழே வெளியேறும்படி செய்திருக்கிறார்கள். ஆகவே வண்டியின் வேகத்துக்கும் குளிர்ச்சிக்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு. எஞ்சின் சுற்றும் வேகத்துக்கு ஏற்பத்தான் காற்று. பாரத்தோடு நகரத்துக்குள் ஊர்ந்து போகும்போது சூடு அதிகம், ஃபேன் சுற்றுவது குறைவு. உறையில் ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தாலோ, ஃபின்களுக்கு நடுவே அழுக்கு அடைந்தாலோ, காற்று தனக்குச் சுலபமான வழியில் வெளியே போய்விடும், சிலிண்டர் வேகும்.

காரைக்குடியில் நான் வழக்கமாகப் போகும் பட்டறையில் கூலர் வேண்டும் என்று சொன்னபோது, மெக்கானிக் அண்ணன் உடனே சம்மதிக்கவில்லை. முதலில் உறையைக் கழற்றிப் பார்க்கலாம் என்றார். கழற்றினால், உள்ளே செட்டிநாட்டுச் செம்மண் முழுவதும் குடியேறியிருந்தது. கசிந்த எண்ணெயும் அதன்மேல் படிந்த புழுதியும் சேர்ந்து இறுகி, ஃபின்களின் இடைவெளியில் பாதியை மூடியிருந்தன. டின்களைக் கட்டும் சாக்கிலிருந்து பிரிந்த நார் ஃபேனின் இதழ்களில் சுற்றிக் கிடந்தது. அதைவிட மோசம், ஸ்பார்க் பிளக் நுழையும் இடத்தில் காற்று வெளியேறாமல் அடைக்கும் ரப்பர் வளையம் காணாமல் போயிருந்தது. உறையின் இரண்டு பாதிகளையும் பிடித்திருக்க வேண்டிய திருகு ஒன்றும் இல்லை. முந்தைய வருடம் வேறோர் இடத்தில் சர்வீஸ் செய்தபோது கழற்றியவர்கள் மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். எந்த இடம் என்று சொல்வதால் இப்போது பயன் இல்லை. அன்று சர்வீஸ் பில்லில் பதினொரு வரிகள் இருந்தன. அந்தப் பதினொன்றில் இந்த ரப்பர் இல்லை.

பழைய பெயின்ட் பிரஷ்ஷும் அரை லிட்டர் மண்ணெண்ணெயும் ஒரு மணி நேரமும் செலவாயின. ரப்பரும் திருகும் சேர்ந்து எழுபது ரூபாய். இதைச் செய்த பிறகு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்போதும் கூலர் வேண்டும் என்றால் வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். கையில் வந்த வேலையைத் தள்ளிப் போடும் மெக்கானிக்கை நான் அதிகம் பார்த்ததில்லை.

சூட்டை எதை வைத்து அளப்பது என்ற கேள்வி உறையைக் கழற்றுவதற்கு முன்பே வந்திருந்தது. பட்டறையில் துப்பாக்கிபோல நீட்டி அளக்கும் கருவி இருந்தது. ஆனால் பளபளப்பான அலுமினியத்தின் மீது அதை நீட்டினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. மினுக்கும் உலோகம் தன் வெப்பத்தைக் குறைவாகவே கதிராக விடுவதுதான் காரணம். அதே இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி அளந்தால் எண் மேலே ஏறுகிறது. எனக்கு வேண்டியதோ எஞ்சினின் தோல் அல்ல, உள்ளே இருக்கும் எண்ணெய். பலகார வீட்டில், அதிரசப் பாகின் பதம் பார்க்க ஆச்சியின் மகன் வாங்கிவந்த கம்பி வெப்பமானி ஒன்று சும்மா கிடந்தது. ஆச்சி அதைத் தொட்டதே இல்லை; ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பதோடு அவருக்கு வேலை முடிந்தது. அந்தக் கம்பியை நான் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் ஒரே கடையின் முன்னால், ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே பாரத்தோடு போய்ச் சேர்ந்தவுடன் எஞ்சினை அணைத்து, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து கம்பியை விட்டு, எண் நிலைத்து நிற்கும்வரை காத்திருந்து குறித்துக்கொண்டேன். எஞ்சின் எண்ணெய் பட்ட கம்பியை மறுபடி பாகில் வைக்கக் கூடாது என்பதால் அது வண்டிக்கே சொந்தமாகிவிட்டது.

சுத்தம் செய்வதற்கு முன் கடும் வெயில் நாட்களில் 126 டிகிரி வரை கண்டது, சுத்தம் செய்த பிறகு 114-ஐத் தாண்டவில்லை. இந்தப் பன்னிரண்டு டிகிரி சாதாரணம் அல்ல. சூடு ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது எண்ணெய்த் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. என் வண்டிக்கு 10டபிள்யூ-30 எண்ணெய் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. கடைசியில் வரும் அந்த 30 என்ற எண், நூறு டிகிரியில் எண்ணெயின் பாகுத்தன்மை, அதாவது ஓட மறுக்கும் கெட்டித்தன்மை, 9.3-க்குக் குறையாமலும் 12.5 சென்டிஸ்டோக்ஸைத் தொடாமலும் இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. அதாவது இந்த அளவுகோல் நூறு டிகிரியில் வைக்கப்பட்டிருக்கிறது. 126 டிகிரியில் அதே எண்ணெய் வெகுவாக இளகிவிடும். வால்வுகளைத் திறக்கும் கேமுக்கும் ராக்கருக்கும் நடுவே நிற்க வேண்டிய எண்ணெய்ப் படலம் மெலியும். டாப்பெட் சத்தமாக அது காதில் விழும்.

114 டிகிரியோடு நின்றிருக்கலாம். நிற்காததற்கு அடுத்த மாதமே சித்திரை என்பது ஒரு காரணம். கூலர் ஏற்கெனவே பார்சலில் வந்து சேர்ந்துவிட்டது என்பது உண்மையான காரணம்.

இனி பொருளைப் பற்றி. இணையத்தில் வாங்கிய செட். விலை 2,850 ரூபாய். ஏழு வரிசை அலுமினியக் கூலர் ஒன்று, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. எஃகு வலை பின்னிய ரப்பர் ஹோஸ் இரண்டு, ஒவ்வொன்றும் அறுபது சென்டிமீட்டர். நடுவே எண்ணெய் ஓடத் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டுகளும் அவற்றுக்கான வாஷர்களும். பக்கவாட்டில் குழாய் நீட்டிய எண்ணெய் மூடி ஒன்று. இரண்டு எல் வடிவத் தகடுகள். ஒரு சுருள் டெஃப்லான் டேப். படம் மட்டும் போட்ட ஒரு தாள் இருந்தது, அதில் இருந்த எஞ்சின் என்னுடையது அல்ல. கூலரின் வெல்டிங் சுத்தமாக இருந்தது, ஃபின்கள் நெளியாமல் வந்தன. ஆனால் பட்டறையில் அதற்குள் பெட்ரோலை ஊற்றிக் குலுக்கி வெள்ளைத் துணியில் வடித்தபோது, மரை வெட்டியபோது உதிர்ந்த அலுமினியச் சீவல்கள் வெள்ளித் தூள்போலத் துணியில் மின்னின. மூன்று முறை கழுவிய பிறகே துணி சுத்தமாக வந்தது. அந்தத் தூள் எஞ்சினுக்குள் போயிருந்தால் நடக்கக்கூடியதை விளக்க வேண்டியதில்லை. பல ஸ்கூட்டர்களில் கம்பிச் சல்லடை மட்டும்தான் இருக்கிறது, காகித ஃபில்டர் இல்லை. இந்த விலைக்கு விற்கிறவர்கள் அதைக் கழுவி அனுப்பியிருக்க வேண்டும். குறைந்தபட்சம், கழுவிவிட்டு மாட்டுங்கள் என்று ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். இந்தச் செட்டின் மீது எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான்.

டெஃப்லான் டேப்பை அண்ணன் எடுத்துத் தூர வைத்துவிட்டார். தண்ணீர்க் குழாய்க்கு அது சரி; எண்ணெய் ஓடும் வழியில் அதன் ஓரம் பிய்ந்து ஒரு நூல் உள்ளே போனாலும், சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும் ஊசித் துளையை அடைத்துவிடும். பேன்ஜோ போல்ட்டில் கசிவை நிறுத்துவது அதன் இரு பக்கமும் வைக்கும் வாஷர்தான், டேப் அல்ல. வாஷரை ஒருமுறை நசுக்கிய பிறகு மறுபடி பயன்படுத்தக் கூடாது.

எண்ணெயை எங்கிருந்து எடுத்து எங்கே திருப்பி விடுவது என்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே ஆயில் கூலரோடு வந்த பல்சர் 220, அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி, ஹிமாலயன் 411 போன்ற மோட்டார் சைக்கிள்களில் பம்பின் கொள்ளளவும் பாதையும் அதற்கென்றே வகுக்கப்பட்டவை. ஸ்கூட்டரின் பம்பு சின்னஞ்சிறியது. தன் எஞ்சினுக்கு வேண்டியதற்கு மேல் அதனிடம் அதிகம் மிச்சம் இல்லை. ஹெட்டுக்குப் போகும் எண்ணெய் முழுவதையும் கூலர் வழியாகச் சுற்றவிட்டால் குளிர்ச்சி அதிகம் கிடைக்கும், ஆனால் கூலர் அடைத்துக்கொண்டால் ஹெட் உலர்ந்துபோகும். அதனால் அண்ணன் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். அழுத்தப் பாதையின் ஓரத்தில் அடைப்பாக இருந்த ஒரு போல்ட்டின் இடத்தில் பேன்ஜோவைப் போட்டு, அதில் இரண்டு மில்லிமீட்டர் துளை மட்டும் விட்டு, அந்த வழியாகப் பிரியும் ஒரு பங்கு எண்ணெய் மட்டும் கூலருக்குப் போய், குளிர்ந்து, செட்டில் வந்த புதிய மூடியின் குழாய் வழியாக மீண்டும் எண்ணெய் தங்கும் கிராங்க்கேஸுக்குள் விழும்படி செய்தார். கூலரே அடைத்துப்போனாலும் எஞ்சினுக்குப் போகும் எண்ணெய் நிற்காது. துளையைப் பெரிதாக்கினால் ஐடிலிங்கில் ஹெட்டுக்கு அழுத்தம் குறையும் என்பதால், முதலில் சிறிதாகப் போட்டார். பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவைத்து ஹோஸில் எண்ணெய் நிறைந்த பிறகு, டாப்பெட் மூடியைத் திறந்து வைத்து, ஐடிலிங்கில் கேமின் மீது எண்ணெய் வந்து நனைக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே மூடினார். இந்த ஒரு சோதனையைச் செய்யாத பட்டறையில் யாரும் கூலர் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவு கவனமாக இருந்தவரும் ஓர் இடத்தில் சறுக்கினார், நானும் சேர்ந்தே சறுக்கினேன். ஸ்கூட்டரில் எஞ்சின் சட்டத்தில் அசையாமல் முடுக்கப்பட்டது அல்ல. எஞ்சினும் பின்சக்கரமும் ஒரே துண்டாகச் சேர்ந்து, பள்ளம் மேட்டுக்கு ஏற்பத் தொட்டில்போல மேலும் கீழும் ஆடுகின்றன. காற்று நன்றாகப் படும் என்று கூலரைக் கால் தட்டுக்கு அடியில், சட்டத்தோடு சேர்த்துப் பொருத்தினோம். ஹோஸின் ஒரு முனை ஆடும் எஞ்சினில், மறுமுனை ஆடாத சட்டத்தில். நிறுத்தி வைத்துப் பார்த்தபோது தளர்ச்சி போதுமானதாகத்தான் தெரிந்தது. நாற்பது கிலோ டின்னோடு வேகத்தடையில் இறங்கும்போது எவ்வளவு தூரம் ஆடும் என்பதை யாரும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம், தேவகோட்டை ரஸ்தாவைத் தாண்டியதும் ஒரு தீய்ந்த வாடை வந்தது. முறுக்கு அடுப்பின் பக்கத்திலேயே காலம் தள்ளுகிறவன் என்பதால் முதலில் என் சட்டையிலிருந்து வருகிறது என்றே நினைத்தேன். பின்னால் வந்தவர் கையைக் காட்டிக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். சைலன்சரிலிருந்து நீலப் புகை எழுந்துகொண்டிருந்தது. ஹோஸ் சட்டத்தின் விளிம்பில் உரசி உரசி, எஃகு வலை முடிமுடியாகப் பிரிந்து, அதன் கீழே ரப்பரில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து எண்ணெய் துளித்துளியாகச் சைலன்சரில் விழுந்து கருகிக்கொண்டிருந்தது. பின் டயரின் ஓரத்திலும் பளபளப்பாக ஒரு கோடு இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் உண்மையில் பயம் வந்தது. இன்னும் ஒரு வளைவில் வண்டி சறுக்கியிருந்தால் எண்ணெயின் சூட்டைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருந்திருக்க மாட்டான். டின்களை ஒரு டீக்கடையில் இறக்கி வைத்துவிட்டு, வண்டியைச் சிறிய சரக்கு வண்டியில் ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தேன்.

இப்போது கூலர் எஞ்சினிலேயே, அதன் போல்ட் ஒன்றிலிருந்து நீட்டிய தகட்டில், அதிர்வு தாங்க ரப்பர் புஷ் வைத்து நிற்கிறது. ஹோஸும் எஞ்சினோடு சேர்ந்தே ஆடுகிறது. காற்று முன்பு பட்ட அளவுக்குப் படவில்லை என்பது உண்மை. ஃபேன் காற்றை இழுக்கும் வாயை மறைக்காதபடி நான்கு விரல் தள்ளி வைத்திருக்கிறோம். ஹோஸ் எதையாவது தொடக்கூடிய இரண்டு இடங்களில் பழைய டியூபை வெட்டி உறைபோலச் சுற்றியிருக்கிறது. புது ஹோஸுக்கு 420 ரூபாய் ஆனது. இரண்டாம் முறை மாட்டியதற்கு அண்ணன் கூலி வாங்கவில்லை.

பலன் என்ன என்று கேட்டால், அதே கடை முன்னால், அதே பாரத்தோடு, சித்திரை வெயிலில் 101 டிகிரி. மிக மோசமான நாளில் 104 கண்டேன். நெரிசலில் டாப்பெட் சத்தம் அநேகமாகக் கேட்பதில்லை. ஐடிலிங் நிதானமாக நிற்கிறது. இழுவையிலோ மைலேஜிலோ ஒரு வித்தியாசமும் இல்லை. கூலர் போட்டால் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கூடும் என்று விற்பவர் எழுதியிருந்தார், அது வியாபாரம். இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரில் இறங்கும் எண்ணெய் கறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் விரல்களுக்கு நடுவே தேய்த்தால் வழவழப்பு மிச்சம் இருக்கிறது, தீய்ந்த வாடை இல்லை.

இந்தப் பதின்மூன்று டிகிரியும் ஃபின்களில் படும் காற்றின் வேலை மட்டும்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. என் எஞ்சினில் எண்ணெய் மாற்றும்போது பிடிப்பது 700 மில்லி. கூலரும் இரண்டு ஹோஸ்களும் சேர்ந்து இன்னும் 150 மில்லி வாங்கிக்கொள்கின்றன. அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் எண்ணெய். கணக்கெல்லாம் பார்த்து இதை நான் பெரிய கண்டுபிடிப்பாக ஆச்சியிடம் சொன்னபோது, அவர் சீடையைத் திருப்பிவிட்டபடியே, சட்டியில் எண்ணெய் குறைவாக இருந்தால் சீக்கிரம் கருகும் என்பது கல்யாணமான முதல் வருடமே தனக்குத் தெரியும் என்றார். எண்ணெய் கூடுதலாக இருக்கும்போது ஒவ்வொரு துளியும் சூட்டுக்குத் திரும்பி வரும் முறை குறைகிறது, அழுக்கும் அதிகப்படியான எண்ணெயில் பரவி நீர்க்கிறது. எஞ்சினுக்கு வெளியே நாலு விரல் பெரிய ஒரு டப்பாவை மட்டும் மாட்டியிருந்தாலும் ஓரளவு பலன் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கோடைக்கு நல்லது மழைக்கு ஆகவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் மூடியைத் திறந்தபோது அதன் உட்பக்கத்தில் மோர்போல வெள்ளை நுரை ஒட்டியிருந்தது. அளந்தால் 72 டிகிரிதான். எஞ்சின் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பங்கு எப்போதும் எண்ணெயோடு வந்து கலந்துகொண்டிருக்கும். எண்ணெயின் சூடு தண்ணீரின் கொதிநிலையை நெருங்கினால்தான் அந்த ஈரம் ஆவியாகிப் போகும். ஈரத்தோடு நிற்கும் எண்ணெய் பேரிங்கை அரிக்கும். எண்ணெய் எண்பது டிகிரி வாக்கில் சூடான பிறகே கூலருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் வைத்த செட்டுகள் இருக்கின்றன. அவை விலை கூடியவை. நான் செய்தது, பழைய ரெக்ஸின் பையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, இரண்டு கொக்கிகள் வைத்து, கூலரின் முகத்தில் திரைபோல மாட்டியதுதான். ஐப்பசியிலிருந்து தை முடியும்வரை திரை இறங்கியிருக்கும், மாசியில் ஏறிவிடும். திரையோடு மழை நாளில் 88 டிகிரி வருகிறது, நுரை போய்விட்டது.

அன்றாடத்தில் உறுத்தும் குறைகள் சில உண்டு. எண்ணெய் அளவு பார்க்க முன்பு மூடியைக் கையால் திருகினால் போதும். இப்போது மூடியிலேயே ஹோஸ் மாட்டியிருப்பதால், முதலில் ஸ்பேனரால் பேன்ஜோவைத் தளர்த்திவிட்டுத்தான் திருக வேண்டும், இல்லையென்றால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். அளவும் உடனே பார்க்கக் கூடாது; சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, கூலர் நிறைந்த பிறகு அணைத்துப் பார்த்தால்தான் சரியாக இருக்கும். எண்ணெய் மாற்றும்போது டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் கூலருக்குள் இருக்கும் பழைய எண்ணெய் இறங்குவதில்லை. கீழ் ஹோஸைத் தனியாகக் கழற்றி வடிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் புது வாஷர் போட வேண்டும். அறிமுகமில்லாத பட்டறையில் விட்டால் இதை யாரும் செய்ய மாட்டார்கள். வாரண்டி உள்ள புது வண்டியில் இதைப் பொருத்தினால், நாளை எஞ்சினில் எது வந்தாலும் கம்பெனிக்காரர்கள் முதலில் இந்தக் கூலரைத்தான் காட்டுவார்கள். என் வண்டி அந்த வயதைக் கடந்துவிட்டது.

கூலர் 2,850, கூலி 900, எண்ணெய் 350, பின்னால் வாங்கிய ஹோஸ் 420. இந்தத் தொகைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று முறை எண்ணெய் மாற்றலாம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றாலும் இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடிவிடும். கல்லூரிச் சாலையிலிருந்து புது பஸ் நிலையம்வரை தனியாளாகப் போய்வரும் ஒருவருக்கு அந்த வழியே மேல். அவர் உறையைக் கழற்றி ஃபின்களைச் சுத்தம் செய்து, கையேட்டில் சொன்ன எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் போதும். கூலர் போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொல்லக்கூடியவர்கள், என்னைப்போல வெயிலில் பாரம் ஏற்றி நின்று நின்று போகிறவர்கள், அதிலும் உறையைச் சுத்தம் செய்து அளந்து பார்த்த பிறகும் 110 டிகிரிக்கு மேல் நிற்பதைக் கண்டவர்கள். அவர்கள் தெர்மோஸ்டாட் உள்ள செட்டாகப் பார்த்து வாங்கட்டும், கூலரை எஞ்சினிலேயே மாட்டச் சொல்லட்டும், முதல் மாதம் தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் ஹோஸின் முழு நீளத்தையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கட்டும். நான் இப்போதும் பார்க்கிறேன். டின் ஏற்றுவதற்கு முன்னால் குனிந்துவிட்டால் அரை நிமிட வேலை.